குழந்தைகளுடன் விடுமுறைப் பயணம்: ஒரு நாளுக்கு ஓரிடம் போதும்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் இடங்களின் பட்டியலிலிருந்துதான் திட்டமிடத் தொடங்குகின்றன. எந்த ஊர், அங்கே பார்க்க வேண்டியவை என்னென்ன, இருக்கும் நாள்களுக்குள் அவற்றை எப்படி அடக்குவது என்றெல்லாம் கணக்குப் போட்டு முடித்த பிறகே, பிள்ளைகள் எப்போது தூங்குவார்கள், அவர்களுக்கு எப்போது பசிக்கும் என்ற யோசனை வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே நான் இங்கே வலியுறுத்த விரும்புவது. உறக்கம், உணவு, விளையாட்டு ஆகிய மூன்றுக்கும் முதலில் நாளில் இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் நேரத்தில் ஒரே ஓர் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டால், பயணத்தில் வரும் அழுகை, பிடிவாதம், பெற்றோருக்குள் எழும் வாக்குவாதம் ஆகியவற்றில் பெரும்பகுதி தலைகாட்டாமலே போய்விடும்.

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். குளிப்பதற்கும் உடுப்பதற்கும் சாப்பிடுவதற்கும் ஆகும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால், சிறு குழந்தை உள்ள குடும்பத்துக்கு வெளியே சுற்றுவதற்கென்று ஒரு நாளில் கிடைப்பது ஐந்தாறு மணி நேரம்தான். அதற்குள் நான்கு இடங்களைத் திணித்தால், குழந்தைக்கு நினைவில் நிற்பது வண்டியில் ஏறியதும் இறங்கியதும் மட்டுமாகவே இருக்கும். ஆகவே, முக்கியமான ஓரிடத்தைக் குழந்தை தெளிவாகவும் உற்சாகமாகவும் இருக்கும் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் தங்குமிடத்துக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். மாலையைப் பூங்காவுக்கோ கரையோர நடைக்கோ திறந்து வையுங்கள். அந்த வேளைக்கு முன்பதிவு எதுவும் செய்யாதீர்கள்.

இவ்வளவு நேரத்தை வெறுமனே விடுவதா என்று சிலர் தயங்குவதுண்டு. ஓர் அருவிக்குப் போயிருக்கும் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் அருவியைப் பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிடுவார்கள். நான்கு வயதுக் குழந்தையோ பாறையில் ஊர்ந்து போகும் நத்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் கொம்புகள் நீள்வதையும் உள்ளே இழுபடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கும், ஒரு புல்லை எடுத்து அதன் வழியில் வைக்கும், நத்தை சுற்றிக்கொண்டு போவதா ஏறிப் போவதா என்று காத்திருக்கும். அந்தக் குழந்தைக்கு அன்றைய சுற்றுலா அந்த நத்தைதான். அதைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடாமலிருக்க வேண்டுமானால், அட்டவணையில் முன்கூட்டியே இடம் விட்டிருக்க வேண்டும். ஓய்வும் விளையாட்டும் குழந்தைகளின் உரிமை என்று 1989 ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 31 ஆம் பிரிவில் சொல்கிறது. அந்த உரிமை விடுமுறை நாளில்கூடக் கிடைக்காவிட்டால் வேறு எப்போது கிடைக்கும்?

பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுத்தல்

அதே உடன்படிக்கையின் 12 ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகள் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்துக்கு உரிய மதிப்பைப் பெறவும் உரிமை உடையவர்கள் என்கிறது. குடும்பச் சுற்றுலாவில் இதைச் செயல்படுத்துவது கடினமன்று. ‘எங்கே போகலாம்?’ என்று திறந்த கேள்வியாகக் கேட்டால், நிறைவேற்ற முடியாத பதில் வந்து ஏமாற்றத்தில் முடியும். பெரியவர்களே செலவையும் தூரத்தையும் பார்த்து இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றைப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவர் இருந்தால், ஆளுக்கொரு நாளைக் கொடுத்து, அந்த நாளின் முக்கிய இடத்தை அவர்களே முடிவு செய்யட்டும் என்று விடுங்கள். தான் தேர்ந்தெடுத்த நாளில் தங்கையின் சலிப்பைத் தாங்கிக்கொள்ளும் அண்ணன், தங்கையின் நாளில் தானும் பொறுமையாக இருக்கக் கற்றுக்கொள்வான்.

பதின்ம வயதினருக்கு வேறு அணுகுமுறை வேண்டும். அவர்கள் காலையில் தாமதமாக எழுவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பருவத்தில் உடலின் உறக்கக் கடிகாரமே தாமதமான நேரத்துக்கு நகர்கிறது. ரயில் நேரங்களைப் பார்ப்பது, வரைபடத்தை வைத்து வழி சொல்வது, அன்றைய செலவைக் குறித்துவைப்பது போன்ற உண்மையான பொறுப்பு ஒன்றை அவர்களிடம் கொடுங்கள். தனியாக இருக்க அன்றாடம் சிறிது நேரத்தையும் விட்டுக்கொடுங்கள். கைப்பேசியை முழுவதுமாகப் பிடுங்கி வைப்பதைவிட, சாப்பாட்டு வேளையில் பெரியவர்கள் உட்பட எல்லாரும் அதை ஒதுக்கி வைப்பது என்று பேசி முடிவு செய்வது நல்லது.

பயணச் செய்தியை எப்போது சொல்வது என்பதும் வயதைப் பொறுத்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு ‘அடுத்த மாதம்’ என்பது பொருளற்ற சொல். இரண்டு நாள்களுக்கு முன்பு சொன்னால் போதும். ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நாள்காட்டியைக் கொடுத்து, கடந்துபோகும் நாளை அடித்துக்கொண்டு வரச் சொல்லலாம். எதில் போகப் போகிறோம், எங்கே தூங்கப் போகிறோம், யார் யார் வருகிறார்கள் என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் சிறு குழந்தையின் பதற்றம் பெருமளவு தணிந்துவிடும். தாத்தா பாட்டியும் உடன் வருவதாக இருந்தால், குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதையும் பேசாமலேயே அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். அவர்களுக்கும் அது விடுமுறைதான்.

புறப்படும் முன்

வெளிநாட்டுப் பயணமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. குழந்தைகளின் பாஸ்போர்ட்டோ பெரும்பாலும் பெரியவர்களுடையதைவிடக் குறைந்த காலத்துக்கே வழங்கப்படுவதால், அது கவனிக்கப்படாமலே காலாவதியாகிவிடும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் குழந்தையை அழைத்துப் போவதானால், வராதவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் கடிதத்தை எடுத்துச் செல்வது எல்லைச் சோதனையில் சிக்கலைத் தவிர்க்கும்.

தடுப்பூசி குறித்துக் குழந்தை மருத்துவரைப் பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஊசி போட்டவுடனே உடலில் பாதுகாப்பு உருவாகிவிடுவதில்லை. எடுத்துக்காட்டாக, சில நாடுகளுக்குள் நுழையக் கேட்கப்படும் மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவும் நோய்) தடுப்பூசிக்கான சான்றிதழ், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லுபடியாகும்; ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொதுவாக அந்த ஊசி போடப்படுவதில்லை. எனவே, மிகச் சிறிய குழந்தை இருக்கும் வீட்டில் சில ஊர்களைத் தள்ளிப்போடுவதே சரியான முடிவாக இருக்கலாம்.

பெட்டி கட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆளுக்கொரு முழு மாற்றுடை கைப்பையிலேயே இருக்க வேண்டும், பெற்றோருக்கும்தான். மடியில் வாந்தி எடுத்த குழந்தைக்கு மட்டும் உடை மாற்றிவிட்டு, தாய் நனைந்த உடையுடன் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை வரக் கூடாது. குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மையையோ போர்வையையோ எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அது பெரிய பெட்டிக்குள் போகாமல் கையோடு வரட்டும். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள், வெப்பமானி, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், காயத்துக்கான கட்டுத்துணி ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எளிதில் எடுக்கும்படி வையுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதால், அண்மையில் எடுத்த எடையையும் மருத்துவர் சொன்ன அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நடு இரவில் அறிமுகமில்லாத ஊரில் அந்தச் சீட்டின் அருமை தெரியும்.

வழியில்

காரில் போகும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வண்டி மோதி நிற்கும் கணத்தில் குழந்தையின் உடல் முன்னோக்கிப் பாயும் விசையை எந்தப் பெரியவரின் கையாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. அத்துடன், பிடித்திருப்பவரின் எடையும் குழந்தையின் மேல் வந்து விழும். கைக்குழந்தைகளுக்கு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தவாறு பொருத்தப்படும் இருக்கையும், வளர்ந்தவர்களுக்கு வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற இருக்கையும் வேண்டும். பெரியவர்களுக்கான சீட் பெல்ட் ஒரு பிள்ளையின் இடுப்பிலும் தோளிலும் சரியாகப் படிய வேண்டுமானால் சுமார் 145 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். அதுவரை உயர்த்தும் இருக்கை தேவைப்படும். பதின்மூன்று வயது வரை பின் இருக்கையே அவர்களுக்கு உரியது. இந்த ஒரு விஷயத்தில் அழுகைக்கோ கெஞ்சலுக்கோ விட்டுக்கொடுக்கவே கூடாது.

பயணத்தில் வாந்தி வருவது பெரும்பாலும் இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளைப் படுத்தும் தொல்லை. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு ‘நகர்கிறோம்’ என்று சொல்ல, புத்தகத்திலோ கைப்பேசியிலோ பதிந்திருக்கும் கண் ‘அசையாமல் இருக்கிறோம்’ என்று சொல்ல, மூளைக்கு வரும் இந்த முரண்பாடே குமட்டலாக வெளிப்படுகிறது. ஆகவே, குழந்தையைச் சமாதானப்படுத்தக் கைப்பேசியைக் கொடுப்பது, வாந்தி வரும் பிள்ளைக்கு நேர்மாறான விளைவைத் தரும். முன் கண்ணாடி வழியே தொலைவைப் பார்க்கும்படி உட்காரவையுங்கள், சன்னலைச் சிறிது திறந்து காற்று வரச் செய்யுங்கள், புறப்படும் முன் வயிற்றை நிரப்பாமலும் காலியாக விடாமலும் இலேசாகச் சாப்பிடக் கொடுங்கள். நேரத்தைப் போக்கக் கதை சொல்லலாம், விடுகதை போடலாம், எதிரே வரும் வண்டிகளில் நிறம் பார்த்து எண்ணச் சொல்லலாம். இவை எல்லாம் கண்ணை வெளியே வைத்திருக்கும் விளையாட்டுகள். வாந்திக்கான மாத்திரைகள் சில குழந்தைகளுக்குத் தூக்கத்தையும், வேறு சிலருக்கு அதற்கு நேர்மாறாகப் படபடப்பையும் தரக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

விமானத்தில் குழந்தைகள் வீறிட்டு அழுவது பெரும்பாலும் இறங்கும் நேரத்தில்தான். காதின் நடுப்பகுதியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலாக இருப்பதால், வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது செவிப்பறை உள்ளிழுக்கப்பட்டு வலிக்கிறது. விழுங்கும்போது அந்தக் குழாய் திறந்துகொள்ளும். விமானம் தரையைத் தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடும் என்பதால், அப்போதே கைக்குழந்தைக்குப் பாலூட்டத் தொடங்குங்கள். வளர்ந்த குழந்தைக்குத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். தூங்கும் குழந்தை விழுங்குவது குறைவு. எழுப்ப மனம் வராவிட்டாலும், அந்த நேரத்தில் எழுப்பிவிடுவதே நல்லது. கடுமையான சளியோ காது வலியோ இருந்தால், பறப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். மிதமான வெயில் நாளில்கூட உள்ளே பத்தே நிமிடங்களில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும். சன்னலைச் சிறிது இறக்கி வைப்பதால் பயனில்லை.

வழியில் கொடுக்கும் தின்பண்டங்களைப் பொறுத்தவரை, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கொட்டைகள், உருண்டையான கெட்டி மிட்டாய் ஆகியவற்றைக் கொடுக்காமல் இருப்பதும், திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுப்பதும் மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்தைத் தவிர்க்கும். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வைத்திருந்து கொடுக்கக் கூடாது.

போய்ச் சேர்ந்த இடத்தில்

அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை; பார்க்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். பாஸ்டன் கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப் பெட்டிகளின் உயரமும் அமைப்பும் பார்வையாளரைக் குனியவும் எட்டிப் பார்க்கவும் வைத்து எப்படிக் களைப்படையச் செய்கின்றன என்பதை 1916 ஆம் ஆண்டிலேயே புகைப்படங்களுடன் விளக்கினார். வளர்ந்த மனிதருக்கே அந்தப் பாடு என்றால், அவருடைய இடுப்பளவு உயரமுள்ள குழந்தைக்கு அங்கே தெரிவது பெரும்பாலும் பெட்டியின் அடிப்பலகையும் மற்றவர்களின் முதுகும்தான். நீங்கள் ஒருமுறை குழந்தையின் கண் மட்டத்துக்கு முட்டிபோட்டுப் பாருங்கள். தூக்கிக் காட்ட வேண்டியது எது, விட்டுவிடலாம் என்பது எது என்று உடனே தெரிந்துவிடும். உள்ளே நுழையும் முன் மூன்று பொருள்களை மட்டும் முடிவு செய்துகொண்டு, அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக மாற்றிவிட்டால், ஒரு மணி நேரத்தில் நிறைவோடு வெளியே வரலாம். நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டோமே என்பதற்காக எல்லா அறைகளையும் சுற்றாதீர்கள்.

வெயிலில் நெடுநேரம் இருக்கும் நாள்களில், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நிழலிலும் முழு உடையிலும் வைத்திருப்பதே முறை. அவர்களுக்குச் சன்ஸ்கிரீன் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மற்றவர்களுக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதைத் தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வெளியே வந்ததும் மீண்டும் தடவ வேண்டும்.

தண்ணீர் இருக்கும் இடங்களைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை கத்தும், கையை வீசும் என்ற எண்ணம் தவறானது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் சில நொடிகளில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கும், கூப்பிட நேரம் இருக்காது. கைகள் நீரை அழுத்தி உடலை மேலே தள்ளப் பார்க்குமே தவிர, அசைத்துக் காட்டாது. அருகில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே இது சத்தமில்லாமல் நடந்துவிடும். கூட்டமாகப் போகும் குடும்பங்களில் ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். எனவே, ‘அடுத்த கால் மணி நேரம் நான் பார்க்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, யாரோடும் பேச்சில் ஆழக் கூடாது. நேரம் முடிந்ததும் அடுத்தவரின் பெயரைச் சொல்லி ஒப்படைத்த பிறகே கண்ணை எடுக்க வேண்டும். நீந்தத் தெரியாத சிறு குழந்தையோடு கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நீருக்குள்ளேயே நிற்க வேண்டும். காற்றடைத்த கைப்பட்டைகளும் மிதவை வளையங்களும் விளையாட்டுச் சாமான்கள்தாம். படகில் ஏறும்போதும் ஆழமான நீரிலும் உடலளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டே வேண்டும். கடலில், உயிர்காப்பாளர் காவல் இருக்கும் பகுதியைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால், எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும் என்பதை நீச்சல் தெரிந்த பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கூட்டமான இடத்துக்குப் போகும் நாளில், காலையில் உடை உடுத்தியதும் ஒவ்வொரு குழந்தையையும் தலை முதல் கால் வரை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை காணாமல் போன பதற்றத்தில் என்ன நிறச் சட்டை என்று கேட்டால் பெற்றோருக்கே மறந்துபோகும். உங்கள் கைப்பேசி எண்ணைக் குழந்தையின் முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள். பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும். ‘எங்களைக் காணோம் என்றால் தேடி நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை அணிந்த ஊழியரிடமோ குழந்தைகளுடன் இருக்கும் ஓர் அம்மாவிடமோ சொல்’ என்று கற்றுக்கொடுத்து, உள்ளே நுழைந்ததும் அந்தச் சீருடையைக் கையால் சுட்டிக் காட்டுங்கள். தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அருகிலுள்ள நீர்நிலையையும் வண்டிகள் ஓடும் சாலையையும்.

உடல்நலம் குன்றினால்

பயணத்தில் வரும் வயிற்றுப்போக்கில் கவனிக்க வேண்டியது உடலிலிருந்து நீர் வெளியேறுவதைத்தான். சிறுநீர் குறைவது, நாக்கு உலர்வது, அழும்போது கண்ணீர் வராதது, குழந்தை துவண்டு போவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறிப்பிட்டுள்ள அளவு தண்ணீரில் அதை முழுவதுமாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தண்ணீரைக் குறைத்தால் அது தீங்கு செய்யும், கூட்டினால் போதிய பலன் தராது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மலைப்பகுதிகளில் 2500 மீட்டருக்கு மேலே போகும்போது, உயரத்தால் வரும் நோயைச் சிறு குழந்தையால் தலைவலி என்று எடுத்துச் சொல்ல முடியாது. காரணமில்லாத எரிச்சல், சாப்பிட மறுப்பது, வாந்தி, தூக்கமின்மை ஆகியவையே அறிகுறிகள். அப்படிக் கண்டால் மேலே ஏறுவதை உடனே நிறுத்துங்கள். தேறாவிட்டால் கீழே இறங்கிவிடுவதுதான் சிகிச்சை.

திரும்பும் நாளைப் பள்ளி திறப்பதற்கு முதல் நாளாக வைத்துக்கொள்ளாமல், இடையில் ஒரு முழு நாளாவது விடுங்கள். நேர வித்தியாசம் அதிகமுள்ள நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்றால், தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில் உறக்கம் சீராகும். காலை வெயிலில் பிள்ளைகளை வெளியே விளையாட விட்டால் அது விரைவுபடும். மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்திருந்தால், வீடு திரும்பிப் பல வாரங்கள், ஏன் சில மாதங்கள் கழித்துக்கூட அந்தக் காய்ச்சல் தோன்றலாம். அதனால், பிறகு எப்போது குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த ஊருக்கு எந்தத் தேதிகளில் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.